அரை அங்குலம் விட்டு வெட்டிய ஜெனரேட்டர்

தையல்கடை மாஸ்டரின் வெட்டு மேசை நாற்பது வருடத்தில் துணி இல்லாமல் இருந்ததே கிடையாது. அந்தச் செவ்வாய்க்கிழமை அதில் துணி இல்லை. ஸ்பீக்கர் ஒன்று, வைத்தியரிடம் முதுகைக் காட்டும் நோயாளி மாதிரி குப்புறக் கிடந்தது. மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், மூக்குக்கு இறக்கினார், கடைசியில் கழற்றி வைத்துவிட்டு, அதன் முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் மூக்கையே பதித்துக்கொண்டு படித்தார். ஆயிரம் வாட் என்று இருந்தது. அதைச் சுற்றி இன்னும் பதினேழு எண்கள் இருந்தன. அவை எதற்கு என்று கடவுளுக்கும் அதை அச்சடித்தவனுக்கும்தான் தெரியும். அச்சடித்தவன் விஷயத்தில் மாஸ்டருக்குச் சந்தேகம்தான்.

விஷயம் இதுதான். மாஸ்டரின் மனைவியை ஊரே பாட்டு டீச்சர் என்று கூப்பிடும். ஒரு காலத்தில் அவர் மேல் ஸ்தாயியைத் தொட்டால் மூன்றாவது தெருவில் காயும் வேட்டி கொடியிலிருந்து எகிறிக் குதிக்கும். பதினோரு மாதம் முன்பு தொண்டையில் ஒரு ஆபரேஷன். குரல் வீடு திரும்பியது, ஆனால் பாதிதான் திரும்பியது. மீதி ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது. பாடலாம், கத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டீச்சர் பாடவும் இல்லை, கத்தவும் இல்லை. கணவரைத் திட்டுவதைக்கூட ஜாடையிலேயே முடித்துக்கொண்டார். அதில்தான் மாஸ்டர் மிகவும் பயந்துபோனார்.

பழைய மாணவிகள் இருபத்து மூன்று பேர் சேர்ந்து கெஞ்சியதில், ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பூங்கா மேடையில் பாடுவதாக டீச்சர் ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனையோடு.

"கடைசி வரிசையில இருக்கறவங்களுக்கு என் குரல் கேக்கணும். கேக்கலேன்னா அதோட சரி. அப்புறம் குளிக்கும்போதுகூட நான் வாயைத் திறக்க மாட்டேன். பாடு பாடுன்னு யாரும் வந்து நிக்கக் கூடாது."

பூங்காவில் மேடை இருந்தது, இருநூறு நாற்காலி போட இடம் இருந்தது, வாத்து இருந்தது. மின்சாரம் மட்டும் இல்லை. "ஜெனரேட்டர் என் பொறுப்பு" என்று மாஸ்டர் மார்பைத் தட்டிக்கொண்டார். ஜெனரேட்டருக்கும் அவருக்கும் அதுவரை இருந்த சம்பந்தம், கரண்ட் போனால் பக்கத்துக் கட்டடத்தில் அது உறுமுவதைக் கேட்டு எரிச்சல்படுவது மட்டுமே.

சாக்குக்கட்டியை எடுத்து மேசையிலேயே கணக்குப் போட்டார். பெரிய ஸ்பீக்கர் இரண்டு, ஆளுக்கு ஆயிரம். பாடுபவர் தன் குரலைத் தானே கேட்க மேடையில் வைக்கும் சின்ன ஸ்பீக்கர் ஐந்நூறு. மிக்ஸரும் கீபோர்டும் சேர்ந்து எழுபது. ஆக இரண்டாயிரத்து ஐந்நூற்று எழுபது. மாஸ்டர் அதைப் பார்த்தார். எந்த அளவையும் அப்படியே வெட்டுகிற பழக்கம் அவர் கைக்குக் கிடையாது. தையலுக்கு அரை அங்குலம் விட வேண்டும், துவைத்தால் சுருங்கும், வாடிக்கையாளர் தின்றால் பெருப்பார். மூவாயிரம் என்று எழுதினார்.

மூவாயிரத்தை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு ஹலோவைப் பார்க்கப் போனார். ஹலோ என்பவர் மைக்செட்காரர். முப்பது வருடமாக மைக்கில் அந்த ஒரு சொல்லையே சொல்லிச் சொல்லி, அதுவே அவர் பெயராகிவிட்டது. ரேஷன் கார்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று பலர் நம்பினார்கள்.

"மூவாயிரமா?" ஹலோ காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "மாஸ்டர், எனக்கு நடந்தது உங்களுக்குத் தெரியாது. ஒரு தடவை மேடையில மேளக்காரர் ஓங்கி ஒரு அடி அடிச்சாரு. அவ்வளவுதான், ஜெனரேட்டர் மூச்சை விட்டுடுச்சு. ஆயிரம் பேர் இருட்டுல என் பேரைச் சொல்லி வாழ்த்தினாங்க. அன்னிக்கு முடிவு பண்ணேன். எது சொன்னாலும் ரெண்டால பெருக்கு."

"டீச்சர் பாட்டுல மேளமே இல்லையே?"

"டீச்சர் தும்மினா?"

மாஸ்டர் காகிதத்தைத் திரும்ப வாங்கினார். ஆறாயிரம் என்று திருத்தினார்.

மறுநாள் மச்சான் வந்தான். டீச்சரின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். வாழ்க்கையில் பாதி நேரத்தைக் கிணறு மாதிரியான இடத்துக்குள் தலைகீழாகத் தொங்கிக் கழிப்பவன். ஆகவே எதையும் பதறாமல் பார்ப்பான்.

"ஆறாயிரம் ஓடும்போது மாமா. கிளம்பும்போது?"

"கிளம்பும்போது என்ன?"

"நின்னுட்டிருக்கற லிஃப்ட் கிளம்பும்போது ஒரு இழு இழுக்கும் பாருங்க, மூணு மடங்கு. அதுக்கு இடம் வுடாட்டி அங்கயே உக்காந்துடும். உள்ள இருக்கறவங்க கத்துவாங்க."

"உங்க அக்கா லிஃப்ட் இல்லடா."

"அக்காவை யாரு சொன்னா? கரண்டுக்கு அக்கா, லிஃப்ட்டு எல்லாம் ஒண்ணுதான்."

பதினெட்டாயிரம். மாஸ்டருக்குத் தலை சுற்றியது. வாட் ஒரு பக்கம், ஆம்பியர் ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் கே.வி.ஏ. என்று ஒன்று. அதைக் கேட்டதும் யாரோ ரிட்டயரான தாசில்தாரின் பெயர் என்றே மாஸ்டர் முதலில் நினைத்தார். மூன்றும் ஒன்றா, வேறு வேறா, ஒன்றுக்குள் ஒன்றா? மச்சான் பாட்டிலையும் டம்ளரையும் வைத்து விளக்கினான். விளக்கி முடித்தபோது மாஸ்டருக்குப் பாட்டிலும் டம்ளரும்கூடப் புரியாமல் போய்விட்டன.

வியாழக்கிழமை ஜெனரேட்டர் வாடகைக் கடை. கடைக்காரியை டீசலம்மா என்பார்கள். பேச்சில் எண்ணெய் விட்ட வழவழப்பு, கண்ணில் என்ஜினையே முறைத்து ஓட்டிவிடும் அதிகாரம். மாஸ்டர் போனபோது அந்தத் தெருவில் கரண்ட் இல்லை. ஆனால் கடைக்குள் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே சுவரோரம் திறந்தவெளியில், ஊருக்குப் போகிறவர் வைத்துவிட்டுப் போன சூட்கேஸ் மாதிரி சிவப்பாக ஒரு பெட்டி. டீசலம்மா கொடுத்த டீயை அதன்மேல் வைத்தார் மாஸ்டர். கிளாஸில் டீ மெல்ல மெல்ல வட்டம் வட்டமாக நடுங்கியது. மாஸ்டர் கவனித்தார். தன் மனக்கலக்கம் டீ வரைக்கும் பரவிவிட்டது என்று நினைத்துப் பெருமூச்சு விட்டார்.

"எவ்வளவு லோடு?" என்றார் டீசலம்மா.

"பதினெட்டாயிரம் வாட்டும்மா."

டீசலம்மாவின் புருவம் உயர்ந்தது. "பெரிய வேலைதான். மிஷினை முழு லோடுல ஓட்டக் கூடாது மாஸ்டர், முக்காவுக்கு மேல போகக் கூடாது. அப்ப இருபத்து நாலு. அதை கே.வி.ஏ.வுல பாத்தா முப்பது. முப்பது வெளிய போயிருக்கு. நாப்பது இருக்கு. நாப்பதுன்னா இனிமே உங்களுக்குக் கவலையே இல்ல."

மாஸ்டருக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் நன்றாகப் புரிந்தது. சரி என்று தலையாட்டினார்.

சனிக்கிழமை காலை ஒத்திகை. பத்து மணிக்கு லாரி வந்தது. அது திரும்பியபோது தெருவே வயிற்றை எக்கிக்கொண்டது. ஒரு நாய் குரைக்க வாயைத் திறந்து, பார்த்துவிட்டு, மூடிக்கொண்டு போய்விட்டது. லாரியின் பின்னால் இழுபட்டு வந்த ஜெனரேட்டரில் ஒரு குடும்பம் குடியிருக்கலாம். விருந்தாளி வந்தாலும் சமாளிக்கலாம். பக்கவாட்டில் ஆளுயர எழுத்தில் 'சைலன்ட்' என்று எழுதியிருந்தது. பூங்காவுக்குள் இருந்த ஒரே சிமெண்டுத் தரை மேடைக்குப் பின்னால்தான் இருந்தது. அத்தனை கனத்தை வேறெங்கு நிறுத்தினாலும் மண்ணில் புதையும். அங்கேயே நிறுத்தினார்கள்.

டீசலம்மா பட்டனை அழுத்தினார்.

முதலில் வாத்துகள் போயின. பிறகு மரத்திலிருந்த பறவைகள் போயின. பிறகு பென்ச்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர், பேப்பர் மட்டும் தனக்கு முன்பே கிளம்பிவிட்டதைக் கண்டு, அதன் பின்னால் போனார். கதவு சரியாக மூடாத அந்த 'சைலன்ட்' ஊரின் பல் வரிசையை ஆட்டிப் பார்த்தது. குழாயிலிருந்து கறுப்பாகப் புகை வந்தது.

டீச்சர் மேடையேறினார். பருத்திப் புடவை, கையில் பழைய பாட்டு நோட்டு. மைக் முன் நின்று வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கேட்டது ஜெனரேட்டர் மட்டும்.

ஹலோ மிக்ஸரில் ஒலியைக் கூட்டினார். இங்கேதான் உலகத்தில் எங்கும் நடக்காத அதிசயம் நடந்தது. டீச்சரின் மெல்லிய குரலைப் பிடிக்க மைக்கின் ஒலியைத் தூக்கித் தூக்கி வைத்ததில், அது பின்னாலிருந்த ஜெனரேட்டரை மிக அழகாகப் பிடித்துக்கொண்டது. இரண்டு பெரிய ஸ்பீக்கரிலும் ஜெனரேட்டர் கச்சேரி கணீரென்று ஒலித்தது. மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி எல்லாம் இருந்தது. சுருதி சுத்தம். கடைசி வரிசைக்கு மட்டுமல்ல, மூன்றாவது தெருவுக்கும் கேட்டிருக்கும்.

டீச்சர் நோட்டை மூடினார். மேடையிலிருந்து இறங்கி, நேராக மாஸ்டரிடம் வந்து, காதருகே வாயை வைத்துச் சொன்னார்: "நாளைக்கு அதையே பாடச் சொல்லுங்க. என்னைவிட நல்லாத்தான் பாடுது." பிறகு வீட்டைப் பார்த்து நடந்தார். முதுகு நேராக இருந்தது. அவர் திட்டியிருந்தால் மாஸ்டருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

டீசலம்மா மிஷினை நிறுத்தினார். நிசப்தம் சுவர் இடிந்து விழுந்த மாதிரி விழுந்தது.

"மாஸ்டர்," என்றார் டீசலம்மா, மேடையை மேலும் கீழும் பார்த்து. "சர்க்கஸ் எங்க?"

"எந்த சர்க்கஸ்?"

"பதினெட்டாயிரம் வாட்டுன்னீங்களே. நான் சர்க்கஸ் கூடாரம்னு நெனச்சேன். புலிக்குக் கூண்டெல்லாம் எங்க வைப்பாங்கன்னு யோசிச்சுட்டே வந்தேன். இங்க பாத்தா ரெண்டு பொட்டி, ஒரு அம்மா. இந்த மிஷினுக்கு வேலையே பத்தல, அதான் இவன் இப்படிப் புகையறான்."

"நான் ஆறாயிரத்தைத்தான் மூணால பெருக்கினேன்" என்றான் மச்சான்.

"நான் மூவாயிரத்தைத்தான் ரெண்டால பெருக்கினேன்" என்றார் ஹலோ. "அதுல நீங்க ஏற்கெனவே கூடுதலா விட்டுட்டீங்களா மாஸ்டர்?"

"கொஞ்சம்... அரை அங்குலம்" என்றார் மாஸ்டர்.

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆளாளுக்கு ரகசியமாகத் தையலுக்குத் துணி விட்டிருக்கிறார்கள். ஒருவர் விட்டது மற்றவருக்குத் தெரியாது. குழந்தைச் சட்டைக்கு அளவெடுத்து லாரிக்குத் தார்ப்பாய் தைத்த கதை.

மாஸ்டர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். வாட்டும் ஆம்பியரும் தாசில்தாரும் மண்டைக்குள் கைகோத்துக் கும்மியடித்தார்கள். அந்தக் குழப்பத்துக்கு நடுவில் கழுத்தில் கிடந்த டேப் கையில் தட்டுப்பட்டது. நாற்பது வருடமாக அதை ஆள்மேல்தான் வைத்திருக்கிறார். பழைய சட்டையின் காலரில் தைத்திருக்கும் நம்பரைப் பார்த்து அவர் ஒருநாளும் துணி வெட்டியதில்லை. அந்த நம்பர் சட்டைக் கம்பெனிக்காரன் சொல்வது. உடம்பு வேறு சொல்லும்.

"மச்சான், அந்த ஸ்பீக்கர் சீட்டுல எழுதியிருக்கறதை வுடு. அது பாடும்போது நெஜமா எவ்வளவு இழுக்குதுன்னு அளக்க முடியாதா?"

"ஏன் முடியாது? மீட்டர் வண்டியிலயே இருக்கே."

மூவரும் அவனையே பார்த்தார்கள்.

"யாரும் கேக்கலையே மாமா" என்றான் மச்சான், கிணற்றுக்குள் தொங்குகிறவனின் அமைதியோடு.

சாமானை எல்லாம் தையல்கடைக்குக் கொண்டுவந்து, சுவர் பிளக்கில் செருகினார்கள். கடைக்கு மேலேதான் அவர்கள் வீடு. மாஸ்டர் மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். பிறகு ஏறிப்போனார். டீச்சர் நோட்டைப் பரண்மேல் வைக்க ஸ்டூல் போட்டு நின்றுகொண்டிருந்தார்.

"பாட வேணாம்" என்றார் மாஸ்டர். "அளவு குடுக்கணும், அவ்வளவுதான். துணி தைக்க நிக்கற மாதிரி வந்து நில்லு. யாரும் கேக்க மாட்டாங்க. மீட்டர் மட்டும் பாக்கும்."

டீச்சர் ஸ்டூலிலிருந்தே திரும்பினார். "கை நீளம் அளக்கும்போதே நீங்க ரெண்டு தடவை தப்பு பண்ணுவீங்க" என்று சொல்லி இறங்கினார். நோட்டு கையிலேயே இருந்தது.

மீட்டருக்கு நண்டின் கொடுக்கு மாதிரி ஒரு வாய். மாஸ்டர் ஆர்வம் தாங்காமல் அதைப் பிடுங்கி வயரில் மாட்டினார். டீச்சர் பாடினார். மீட்டர் பூஜ்யம் காட்டியது.

"பாத்தியா? உங்க அக்கா பாட்டுக்குக் கரண்டே வேணாம்டா!"

"மாமா, ரெண்டு வயரையும் சேத்துக் கவ்வினா ஒண்ணை ஒண்ணு கழிச்சுடும். ஒரே ஒரு வயரைக் கவ்வணும். குடுங்க இப்படி."

இந்த முறை எண் வந்தது. மச்சான் உதட்டுக்குள் பெருக்கினான். "இருநூத்தி அம்பது வாட்."

"இருநூத்தி அம்பது... ஆயிரமா?" என்றார் மாஸ்டர் பயந்துகொண்டே.

"வெறும் இருநூத்தி அம்பது. எல்லாம் சேத்து."

ஹலோ நம்பாமல் தன்னிடமிருந்த மேளப் பாட்டு ஒன்றை உச்சத்தில் வைத்தார். ஊசிப்பெட்டி மேசையிலிருந்து நடந்துபோய் விழுந்தது. அப்போதும் அறுநூறு. மச்சான் சும்மா இருக்காமல், மூலையிலிருந்த இஸ்திரிப் பெட்டியின் வயரிலும் மீட்டரை வைத்துப் பார்த்தான். ஆயிரம். "அக்கா கச்சேரி பண்றதைவிட நீங்க ஒரு பேண்ட்டைத் தேய்க்கறதுதான் மாமா பெரிய நிகழ்ச்சி."

மாஸ்டர் சாக்குக்கட்டியை எடுத்து மேசையில் அறுநூறு என்று எழுதினார். ஹலோவின் கை தானாக மேசையை நோக்கி நீண்டது. மாஸ்டர் அதைத் தட்டிவிட்டார்.

"இதுக்குத் துணி விடறது ஒருத்தர்தான், ஒரு தடவைதான். அது நான்." அறுநூற்றை அடித்துவிட்டு ஆயிரம் என்று எழுதினார்.

டீசலம்மா சிரித்தார். "அதுக்கு என்கிட்ட ஒண்ணு இருக்கு. ரெண்டு கே.வி.ஏ., இன்வெர்ட்டர் டைப்பு. சீரான கரண்டு, ஸ்பீக்கர்ல உர்ருன்னு வராது. நீங்களே பாத்திருக்கீங்க. டீ கிளாஸை அதுமேலதான் வச்சீங்க."

"அந்த சூட்கேஸா? அது... ஓடிட்டா இருந்துச்சு?"

"பின்ன கடையில ஃபேனு காத்துலயா சுத்துச்சு?"

மேளச் சத்தம் அடங்கியதுமே டீச்சர் விட்ட இடத்திலிருந்து மறுபடி பாடத் தொடங்கியிருந்தார். அளவு எடுத்து முடிந்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை. முதல் பாட்டு முடிந்து இரண்டாவதின் பாதியில் இருந்தார். குரல் பழையதில்லை. கோடித் துணி கசங்கிக் கசங்கி மெத்தென்று ஆன மாதிரி ஒரு குரல். மாஸ்டர் மட்டும் அதைக் கேட்டார், கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிறு மூன்று மணிக்குச் சிவப்பு சூட்கேஸைப் பூங்காவின் மறுகோடிக்குக் கொண்டுபோய், தோட்டக்காரரின் செங்கல் சுவருக்குப் பின்னால், காற்று மேடைப் பக்கம் வீசாத இடமாகப் பார்த்து வைத்தார்கள். நீளமாகத் தடித்த கேபிள் இழுத்தார்கள். வாத்துகள் திரும்பி வந்து, சந்தேகத்தோடு எல்லாரையும் எண்ணின.

மேடையேறும் முன் டீச்சர் சொன்னார்: "நீங்க கடைசி வரிசையில உக்காருங்க. கேட்டுச்சுன்னா டேப்பைத் தூக்கிக் காட்டுங்க. காட்டலேன்னா நான் எறங்கிடுவேன். பொய்க்குத் தூக்கினா மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சுடுவேன்."

நான்கு மணி. இருநூறு நாற்காலியிலும் இருநூற்று முப்பது பேர். மாஸ்டர் கடைசி நாற்காலியில், மஞ்சள் டேப்பை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கீபோர்டு தொடங்கியது. மாஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஜெனரேட்டரைக் கேட்டார். சத்தமே இல்லை.

நின்றுவிட்டதோ?

நின்றிருந்தால் ஸ்பீக்கர் எப்படி ஒலிக்கும் என்று யாராவது அந்த நேரத்தில் கேட்டிருந்தால் அவருக்கே புரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. ஒருவேளை கேபிளில் மிச்சம் இருக்கும் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கிறதோ, டம்ளரில் தங்கிய தண்ணீர் மாதிரி? மச்சான் அப்படித்தானே ஏதோ சொன்னான்? டீச்சர் பாடத் தொடங்கியது அவர் காதில் விழவே இல்லை. அவர் முழு ஆளும் செங்கல் சுவருக்குப் பின்னால் இருந்தார். எழுந்தார். டேப் மடியிலிருந்து சரிந்து விழுந்தது. ஓடினார்.

சுவருக்குப் பின்னால் சூட்கேஸ் ஒரு பூனை மாதிரி சமர்த்தாக முனகிக்கொண்டிருந்தது. மாஸ்டர் குனிந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். நடுங்கியது. ஓடுகிறது. அப்பாடா என்று நிமிர்ந்தபோதுதான், அந்த முனகலுக்கு மேலே, சுவரைத் தாண்டி, பூங்கா முழுவதையும் தாண்டி, கசங்கிய துணி மாதிரி ஒரு குரல் வந்துகொண்டிருப்பதைக் கேட்டார்.

கேட்ட அடுத்த நொடி அது நின்றது.

மாஸ்டர் சுவரைச் சுற்றி ஓடிவந்தார். மேடையில் டீச்சர் கடைசி வரிசையின் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நோட்டு மூடியிருந்தது. இருநூற்று முப்பது தலைகளும் திரும்பி மாஸ்டரைப் பார்த்தன.

டீச்சர் மைக்கிலேயே கேட்டார், மெதுவாக: "என்னங்க? கேக்கலையா?"

மாஸ்டர் டேப்பைத் தேடினார். கழுத்தில் இல்லை, பையில் இல்லை. வெறுங்கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, கச்சேரி என்ற நினைவே இல்லாமல் கத்தினார்:

"ஜெனரேட்டர் பக்கத்துல நின்னேன்மா! அது ஓடுது! அது ஓடும்போதே உன் குரல் கேட்டுச்சு!"

கூட்டத்தில் முதலில் ஹலோ சிரித்தார். பிறகு எல்லாரும். டீச்சர் சிரிக்கவில்லை, இருநூற்று முப்பது பேரைத் தாண்டி மாஸ்டரின் மூஞ்சியை மட்டும் பார்த்தார். பொய் இல்லை என்று தெரிந்தது. வியர்வையும் குழப்பமும்தான் இருந்தன.

"அப்ப உக்காருங்க" என்றார். "முதல்லேர்ந்து பாடறேன். இந்தத் தடவையாவது என்னைக் கேளுங்க."

மாஸ்டர் உட்கார்ந்தார். காலடியில் கிடந்த டேப்பை எடுத்து, இரண்டு கையாலும் விரித்து, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். பாட்டு முடியும்வரை இறக்கவே இல்லை; பின்னால் நின்றவர்கள் மறைக்கிறது என்று முணுமுணுத்தும் இறக்கவில்லை. அந்த கே.வி.ஏ. என்பவர் யார் என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.